புறவாசல் ஸ்காட்லாந்து

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. மக வீட்டுக்கா பலாப்பழம்? கீழ வைக்காதீங்க, உருண்டு டிரைவர் காலுக்குப் போயிரும். ரெண்டு பேர் மடியிலயும் பாதிப் பாதி இருக்கட்டும். அப்பாடா! இது நெல்லைக்குத்தானே போகுது? போர்டைப் பாக்காமலே ஏறிட்டேன்.

என்ன, என் காலையே பாக்கீங்க? அட, ஆமா. ஒண்ணு பழுப்பு, ஒண்ணு கருப்பு. பாவூர்சத்திரம் பஜார் முழுக்க இந்தச் செருப்போடதான் ஓடி வந்திருக்கேன், ஒருத்தராவது சொல்லணுமே! சொல்ல மாட்டாங்க. மங்கையர்க்கரசி மேடம் செஞ்சா அதுல ஏதாவது அர்த்தம் இருக்கும்னு விட்டிருப்பாங்க. சிரிங்க, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது. காலையிலேர்ந்து இப்படித்தான். காரணமே இல்லாமச் சிரிப்பு வருது, நெஞ்சு படபடங்குது, காபி பாதியில நிக்குது. பித்தமா இருக்கும்.

வீட்ல ஏதும் விசேஷமான்னா கேக்கீங்க? ஐயோ, இல்லக்கா. இது அரசாங்க விஷயம் மாதிரி. சொன்னா நம்ப மாட்டீங்க. பதினோரு மணிக்குள்ள நெல்லையில ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போயி ஒரு உடன்படிக்கையைத் தடுத்தாகணும். தடுக்கலைன்னா என் புறவாசல் போச்சு. ஸ்காட்லாந்து ஸ்பெயின் கைக்குப் போயிரும்.

முழிக்காதீங்க, புரியும்படியாச் சொல்றேன். ஆலங்குளம் தாண்டுறதுக்குள்ள முடிச்சிருவேன். நான் காலேஜ்ல சரித்திரம் எடுக்கிறேன். பத்தொன்பது வருஷமா ஒரே பாடம். இங்கிலாந்துல டியூடர் வம்சம், அவங்க அக்கம்பக்கத்து நாடுகளோட எப்படிப் பழகினாங்க, எப்படிச் சண்டை போட்டாங்க, எப்படிச் சண்டை போடாமலே காலத்தை ஓட்டினாங்க. பிள்ளைங்களுக்குப் பதினஞ்சு மார்க் கேள்வி. எனக்கு அதுதான் வாழ்க்கை.

நம்ம ஊரு வெவகாரம் மாதிரிதான்க்கா அது. இங்கிலாந்து அப்ப ஒரு சின்ன நாடு. கையில பெருசா ஒண்ணும் கிடையாது. ஒரு பக்கம் ஸ்பெயின், பெரிய பணக்காரன். இன்னொரு பக்கம் பிரான்ஸ், பெரிய மினுக்கி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. பின்னால, அதே தரையில, வேலி மட்டும் நடுவுல, ஸ்காட்லாந்து. எதிரி எவனாவது ஸ்காட்லாந்து வழியா வந்தா புறவாசல்ல நுழைஞ்ச மாதிரி. இதுக்கு நடுவுல இருபத்தஞ்சு வயசுல ஒருத்தி ராணியாகுறா. எலிசபெத். கல்யாணம் ஆகலை. அவ்வளவுதான், வரிசை கட்டி வந்துட்டான் ஒவ்வொருத்தனும்! முதல்ல கேட்டது யாருன்னு நெனைக்கீங்க? செத்துப்போன அக்காவோட புருஷன். ஸ்பெயின் ராசா. அக்கா புருஷனேதான், நம்ம ஊர்ல நடக்கிற மாதிரியே.

அவ என்ன செஞ்சா தெரியுமா? சரின்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. ஸ்பெயின் முறைச்சா பிரான்ஸைப் பாத்துச் சிரிப்பா. பிரான்ஸ் முறைச்சா வேற ஒரு இளவரசனுக்கு லெட்டர் போடுவா. இப்படியே இருபது வருஷத்துக்கு மேல ஓட்டினாக்கா! அவளைக் கட்டினா நாடே வருமேன்னு இவனுங்க காத்துக் கிடந்தானுங்க, அந்த நேரத்துல அவ நாட்டைக் கெட்டிப்படுத்திட்டா. இதைச் சொல்லும்போது எனக்கு வகுப்புல கண்ணு கலங்கும். பிள்ளைங்க கொட்டாவி விடும்.

சரி, என் ராச்சியத்துக்கு வாரேன். எங்கப்பா போன பிறகு வீடு, வீட்டை ஒட்டி நாலு சென்ட் காலி மனை, நான், இவ்வளவுதான். எனக்குக் கிழக்கே ஒரு கல்யாண மஹால். பிரமநாயகம் அண்ணாச்சியோடது. மூணு மாடி, முகப்புல ரெண்டு சிமென்ட் யானை. அது ஸ்பெயின். மேற்கே இசக்கியப்பன் அண்ணாச்சியோட ஸ்வீட் ஸ்டால். அல்வா, மிக்சர், கண்ணாடி அலமாரி, வண்ண லைட்டு. அது பிரான்ஸ். என் நாலு சென்ட் ரெண்டு பேருக்கும் வேணும். அவருக்குக் கார் நிறுத்த, இவருக்கு அடுப்படி போட. ரெண்டு பேரும் பேசி இருபது வருஷம் ஆச்சு, ஒரு சாக்கடைத் தகராறுல.

மனையை விலைக்குக் கேட்டுப் பாத்தாங்க, நான் மசியலை. உடனே ரெண்டு பேருக்கும் என் கல்யாணத்து மேல அக்கறை வந்துட்டு. நாப்பத்தொரு வயசுல ஒருத்தியைப் பத்தி ஒரு தெருவே கவலைப்பட்டா எப்படி இருக்கும், சொல்லுங்க! பிரமநாயகம் அண்ணாச்சி அவர் சம்சாரத்தோட தம்பிக்குக் கேட்டார். மஸ்கட்ல இருக்கிற ஆளு, போட்டோ வந்தது. டியூடர் காலத்துலயும் இப்படித்தான்க்கா, படம் வரைஞ்சு அனுப்புவாங்க. எலிசபெத்தோட அப்பன் ஒரு படத்தை நம்பிப் பொண்ணு எடுத்துட்டு, நேர்ல பாத்துட்டு, குய்யோ முறையோன்னு கத்தினான். அதனால நான் உஷாரா இருந்தேன். போட்டோவை குற்றாலிங்கத்துக்கிட்டக் காட்டினேன். அவர் பாத்துட்டு, “டீச்சர், இந்தப் போட்டோவுல இருக்கிறவருக்கு முப்பது வயசு. ஆனா இப்ப இவருக்கு அம்பது இருக்கும்”ன்னார். எப்படின்னு கேட்டேன். பின்னால காலண்டர் தொங்குது, அதுல வருஷம் போட்டிருக்குங்கிறார்! ஆட்டுப் பல்லைப் பாத்து வயசு சொல்ற ஆளு, அவர்கிட்ட நடக்குமா?

குற்றாலிங்கம் யாருன்னா, இருங்க, அவர் பின்னால வருவார். என் வீட்டுக்குப் பின்னாலதான் இருக்கார்.

பிரான்ஸ் என்ன செஞ்சதுன்னா ஆளையே நேர்ல அனுப்பிருச்சு. இசக்கியப்பன் அண்ணாச்சியோட கடைசித் தம்பி மகராசன். என்னை விட ஒன்பது வயசு சின்னவர். குட்டையா, கண்ணு ரெண்டும் பிதுங்கி, எப்பப் பாத்தாலும் பச்சைச் சட்டை. கையில அல்வாப் பெட்டி. எலிசபெத்துக்கும் பிரான்ஸ்லேர்ந்து ஒருத்தன் நேர்ல வந்தான்க்கா, அவளை விட ரொம்பச் சின்னவன். அவனுக்கு அவ செல்லமா வச்ச பேரு தவளை! நானா வைக்கலை, சரித்திரத்துல இருக்கு. மகராசன் பச்சைச் சட்டையில வந்து நின்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம அடுக்களைக்குள்ள ஓடிட்டேன். வெக்கப்பட்டு ஓடுறேன்னு நெனச்சு அவர் மறுநாளும் வந்துட்டார்.

ரெண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் ஒண்ணுதான்: “பாக்கலாம்.”

அந்தச் சொல்லோட பெருமை உங்களுக்குத் தெரியும், நீங்களும் பொண்ணைக் கட்டிக் கொடுத்தவங்க. பாக்கலாம்னா சரின்னும் இருக்கும், இல்லைன்னும் இருக்கும், அப்புறம் வான்னும் இருக்கும். எலிசபெத் ஒரு தடவை அவ பாராளுமன்றத்துக்காரங்ககிட்ட, பதில் இல்லாத ஒரு பதிலைத்தான் உங்களுக்குத் தாரேன்னு நீளமாப் பேசினா. பாவம், அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒத்தை வார்த்தையில முடிச்சிருப்பா.

இந்த ஒரு சொல்லை வச்சு அஞ்சு வருஷம் ஓட்டினேன்க்கா! கோடையில தண்ணி வரலைன்னா மஹால் குழாய்லேர்ந்து எனக்கு ஒரு பைப். கரண்டு போனா அவங்க ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு லைட்டு. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பாயாசம். அதுல ஸ்பெயினுக்குத் தலைக்கனம் ஏறி, நான் பேப்பர் திருத்துற நாள்ல மைக்செட்டை அலற விட்டா, அன்னிக்கிச் சாயங்காலம் ஸ்வீட் ஸ்டால்ல ஸ்டூல் போட்டு உக்காந்து டீ குடிப்பேன். அரைமணி நேரம்தான். மைக்செட் கம்முன்னு ஆயிரும். இதுக்குப் பேரு அதிகாரச் சமநிலை. புஸ்தகத்துல நாலு பக்கம் எழுதியிருக்கான், நான் ஒரு டீயில முடிச்சேன்.

இப்ப ஸ்காட்லாந்து.

என் புறவாசல்ல ஒரு கிணறு, கிணத்தை அடுத்து ஒரு மரக்கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் குற்றாலிங்கம் வீடு. கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். எனக்கு ரெண்டு வயசு மூப்பு. தனி ஆளு. அம்மாவைக் கடைசி வரைக்கும் பாத்துட்டு, அப்படியே இருந்துட்டார். கிணறு பொது. காலையில நான் இறைக்கணும், சாயங்காலம் அவர் இறைக்கணும், அப்படித்தான் ஒப்பந்தம். நான் சரித்திரம் படிச்சவ, புறவாசலை நம்பவே மாட்டேன். பத்து வருஷம் அந்தக் கதவுல உள்தாப்பா போட்டு வச்சிருந்தேன்.

ஆனா எல்லை தாண்டுதல் ஆரம்பிச்சது அங்கேர்ந்துதான். அவர் ஒரு வெள்ளாடு வளர்த்தார். கதவுக்கடியில இருந்த இடுக்கு வழியா வந்து என் செம்பருத்தியைக் காலி பண்ணிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும். சரித்திரத்துல ஸ்காட்லாந்து ராணி மேரின்னு ஒருத்தி இருந்தா. அவ நாட்ல துரத்திவிட்டாங்கன்னு எல்லை தாண்டி எலிசபெத்தை நம்பி வந்தா. இவ என்ன செஞ்சா? பத்தொன்பது வருஷம் பிடிச்சு வச்சுட்டா. நானும் ஆட்டைப் பிடிச்சுத் தென்னை மரத்துல கட்டிட்டேன். மேரின்னு பேரும் வச்சேன். முறையா ஆள் வந்து மன்னிப்புக் கேக்கட்டும், அப்பத்தான் விடுவேன்.

ஆள் வந்தார். மன்னிப்புக் கேட்டார். கேட்டுட்டு, “ஆடு இங்கயே இருக்கட்டும் டீச்சர், உங்ககிட்ட நல்லா இருக்கு. நான் வந்து குழை தழை மட்டும் போட்டுட்டுப் போறேன்”ன்னார். நான் டீச்சர் இல்லை, பேராசிரியர்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு, காதுலயே வாங்க மாட்டார். சாயங்காலம் சாயங்காலம் வருவார். ஆட்டுக்கு வேப்பங்குழை போடுவார். கிணத்துச் சுவர்ல உக்காருவார். ஆட்டைப் பாக்க வந்த மனுசன், ஆட்டைத் தவிர மத்ததெல்லாம் பேசுவார். பத்தொன்பது நாள் இப்படி! இருபதாம் நாள் நானே விடுதலை பண்ணி அனுப்பினேன். அப்புறமும் வந்தார். ஆடு இல்லாமலே வந்தார். எல்லைப் பேச்சுவார்த்தைன்னா அப்படித்தான்க்கா, தொடர்ந்து நடந்துட்டே இருக்கணும். அதுக்காகத்தான் உள்தாப்பாவை எடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல.

அவர் சும்மா வர மாட்டார், தகவலோட வருவார். மஹால்காரங்க பசுமாட்டுக்கு ஊசி போடப் போனா அங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு வந்து சொல்வார். ஸ்வீட் ஸ்டால் எருமைக்கும் அவர்தான் வைத்தியம். ஸ்காட்லாந்தே இங்கிலாந்துக்கு ஒற்றர் வேலை பாத்தது சரித்திரத்துல எங்கயும் கிடையாது, என் ராச்சியத்துல நடந்தது.

ஒரு நாள் கேட்டார்: “டீச்சர், அவுககிட்டயும் பாக்கலாங்கீங்க, இவுககிட்டயும் பாக்கலாங்கீங்க. பாக்கலாம்னா என்னதான் அர்த்தம்?”

ராச ரகசியத்தை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நான் சொல்லிட்டேன். “முடியாதுன்னு அர்த்தம். நான் பாக்கலாம்னு சொன்னா அது என்னிக்குமே நடக்காது. ஆனா கேக்கிறவங்களுக்கு அது தெரியக் கூடாது”ன்னேன். மனுசன் சிரிச்சார் பாருங்க, கிணத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். உள்ள விழுந்துருவாரோன்னு நான் சட்டையைப் பிடிச்சேன். அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. மழை வருமா டீச்சர்ம்பார். பாக்கலாம்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். பிள்ளைங்க நூத்துக்கு நூறு வாங்குமா டீச்சர்? பாக்கலாம். சிரிப்போம்.

போன ஆடியில என்ன ஆச்சு தெரியுமா? ஸ்பெயின் படையெடுத்துட்டு! நிஜமா. ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்துக்காக பிரமநாயகம் அண்ணாச்சி என்னைக் கேக்காமலே என் நாலு சென்ட்ல கம்பு நட்டு, தகரமும் துணியுமாப் பந்தலே போட்டுட்டார். கேட்டா, ரெண்டு நாள்தானம்மாங்கிறார். ரெண்டு நாள் உக்காந்தவன் எந்திரிப்பானா? நான் வாசல்ல நின்னு கத்தினேன். அந்தச் சமயம் பாத்து அடிச்சது நம்ம ஊரு ஆடிக் காத்து! பந்தல் அப்படியே தூக்கிக் கிளம்பிச்சு. மேற்கேயிருந்து அடிச்ச காத்து, அவர் பந்தலை அவர் யானை மேலயே கொண்டுபோய்ப் போத்திச்சு. சிமென்ட் யானை ரெண்டும் முக்காடு போட்டு நின்னுச்சு. இங்கிலாந்து மேல படையெடுத்து வந்த ஸ்பெயின் கப்பற்படையையும் காத்துதான்க்கா சிதறடிச்சுது. கடவுளே ஊதினார்னு பதக்கம் அடிச்சாங்க. நான் குதிச்ச குதி இருக்கே! குற்றாலிங்கமும் பக்கத்துல நின்னு பாத்தார். கையில அரிவாள் வச்சிருந்தார். என்னன்னு கேட்டேன், ஆட்டுக்குக் குழை வெட்ட வந்தேன்னார். எங்க குழையைக் காணோமேன்னேன், அதுக்குள்ள காத்து வந்துட்டுன்னார். பந்தல் கயித்துல ஒண்ணுகூட முழுசா இல்ல, எல்லாமே நறுக்குன்னு அறுந்திருந்துச்சு. அப்படி ஒரு காத்து!

ஏன்க்கா அப்படிச் சிரிக்கீங்க? பலாப்பழம் ஆடுது. பிடிங்க.

இப்ப இன்னிக்கிக் காலையில நடந்தது. ஏழு மணி. புறவாசல் கதவைத் தட்டுற சத்தம். தாப்பா இல்லாத கதவைத் தட்டுறாரேன்னு போய்ப் பாத்தா குற்றாலிங்கம். வெள்ளைச் சட்டை. தலை வாரியிருக்கார். நெத்தியில திருநீறு. ஆடு கிடையாது. எனக்கு ஏனோ சிரிப்பு வந்துட்டு.

“டீச்சர், நெல்லைக்கு மாத்திட்டாக. நாளைக்குப் போய்ச் சேரணும்”ன்னார்.

அவரே மேல சொன்னார்:

“பிரமநாயகம் அண்ணாச்சி வீட்டை விலைக்குக் கேக்காக. பதினோரு மணிக்கு அங்க அவுக வக்கீல் ஆபீஸுல அக்ரிமென்ட் எழுத வரச் சொல்லியிருக்காக. குடுத்துருவேன். குடுக்காமலும் இருக்கலாம். நெல்லை என்ன தூரமா? காரணம் இருந்தா தினமும் போய்ட்டு வந்துரலாம்.”

எனக்கு ஸ்பெயின் புறவாசலுக்கு வருதே, ஸ்பெயின் புறவாசலுக்கு வருதேன்னு அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுது.

அவர் கதவையே தடவிட்டு நின்னார். கீல் கிட்டத் துரு இருந்தது, அதைச் சுரண்டினார். “டீச்சர், இந்தக் கதவு இனிமே எதுக்கு? கழட்டிருவமா? ரெண்டு வீடும் ஒண்ணாயிருமே”ன்னார்.

நான் சொன்னேன்: “பாக்கலாம்.”

அஞ்சு வருஷப் பழக்கம்க்கா! வாய்ல அதுதான் வந்துது. எல்லைக் கதவைக் கழட்டுறதுன்னா பெரிய விஷயம் இல்லையா, யோசிக்க வேண்டாமா? அதுவும் இன்னிக்கித்தான் நான் அந்தச் சொல்லை அதோட நிஜமான அர்த்தத்துல சொல்லியிருக்கேன். பாக்கலாம், உக்காந்து பேசிப் பாக்கலாம், அப்படின்னு. அவர் ஒரு தடவை தலையை ஆட்டினார். சிரிக்கலை. “சரி டீச்சர்”ன்னுட்டு, கதவைச் சத்தமில்லாமச் சாத்திட்டுப் போய்ட்டார். ஏழே முக்கால் பஸ்ஸு.

நான் உள்ள வந்து காபி போட்டேன். சமாளிச்சிட்டோம்னு ஒரு பெருமைகூட வந்துது. முதல் வாய் குடிச்சேன். ரெண்டாவது வாய் குடிக்கும்போதுதான் தெரிஞ்சுது. உலகத்துலயே அந்தச் சொல்லுக்கு முடியாதுன்னு அர்த்தம் தெரிஞ்ச ஒரே ஆளு அவர்தான்! நான்தான் சொல்லிக் குடுத்தேன்! தவளைகிட்ட நூறு தடவை சொன்னேன், தவளை ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாப் போச்சு. இந்த மனுசன்கிட்ட ஒரே ஒரு தடவை, நெசமாச் சொன்னேன், போயே போய்ட்டார். டம்ளரை அப்படியே வச்சுட்டு ஓடி வந்துட்டேன். செருப்பு ஜோடி மாறினது இப்படித்தான்.

போன் பண்ணலையான்னா கேக்கீங்க? பதினாலு தடவை. எடுக்க மாட்டார். மாடு மிரளும்னு போனை எப்பவுமே சத்தமில்லாம வச்சிருப்பார். ஆஸ்பத்திரியில சரி, பஸ்ஸுல எந்த மாடு மிரளப் போகுது, சொல்லுங்க!

அதான்க்கா, அவசரம். நான் போறது ராசதந்திரம். வேற ஒண்ணும் இல்ல. அந்த வீடு ஸ்பெயினுக்குப் போனா பக்கத்துலயும் அவர், பின்னாலயும் அவர், என் நாலு சென்ட் என்ன ஆகும்? கிணறு என்ன ஆகும்?

என்ன கேட்டீங்க? மறுபடி சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கலை.

ஸ்பெயினுக்கு வேண்டாம், வேற யாராவது நல்ல மனுசங்க அந்த வீட்டை வாங்கினா உனக்குச் சரியாங்கீங்களா? கிணத்துக்கும் தொந்தரவு பண்ணாத, நாலு சென்ட்டும் கேக்காத நல்ல மனுசங்க. சரிதானே. அப்படி யாராவது வந்தா... வாத்தியார் குடும்பம் யாராவது... சாயங்காலம் அவங்க பாட்டுக்குத் தண்ணி இறைப்பாங்க...

இல்லக்கா. வேற யாரும் வேண்டாம்.

கொஞ்சம் இருங்க. தண்ணி இருக்கா? குடுங்க.

சரித்திரத்துல கடைசியில என்ன ஆச்சுன்னு உங்களுக்குச் சொல்லலையே. எலிசபெத்துக்கு அப்புறம் இங்கிலாந்து யாருக்குப் போச்சு? ஸ்பெயினுக்கா? பிரான்ஸுக்கா? அத்தனை பேர் வரிசையில நின்னானே! ஒருத்தனுக்கும் இல்ல. ஸ்காட்லாந்து ராசா அமைதியா வந்து உக்காந்தான். ஒரு சண்டை இல்ல, ஒரு குண்டு வெடிக்கலை. ரெண்டு நாட்டுக்கும் ஒரே கிரீடம். நான் இதை வருஷா வருஷம் அஞ்சு மார்க் கேள்வியா வைக்கிறேன்க்கா. பதில் எழுதாத பிள்ளையைத் திட்டியிருக்கேன். அந்த மக்குப் பிள்ளைங்க கால்ல எல்லாம் நான் விழணும். எனக்கு அந்த மனுசனைப் பிடிச்சிருக்கு. ஆடு கட்டின பத்தொன்பது நாள்லயே பிடிச்சிருந்திருக்கு. அந்தப் பந்தல் கயித்தை அறுத்தது அவர்தான், இல்லையா? நீங்க அதுக்குத்தானே அப்படிச் சிரிச்சீங்க?

ஐயோ, போன்! அவர்தான்! எடுக்கணும், நீங்க பழத்தைப் பிடிங்க. ஹலோ? ஹலோ, ஆமா, நான்தான். பதினாலு தடவையா? இருக்கும். எங்க இருக்கீங்க? வக்கீல் ஆபீஸா? என்னது? ஆலங்குளமா? ஆலங்குளத்துல எதுக்கு இறங்கினீங்க? முக்கால் மணி நேரமா அங்க என்ன செய்றீங்க? டீ குடிச்சீங்களா? எத்தனை? அஞ்சா!

அக்கா, நெல்லைக்குப் போகவும் மனசில்லாம, ஊருக்குத் திரும்பவும் மொகமில்லாம ஆலங்குளத்துல இறங்கி டீ குடிச்சிட்டு இருக்காராம். நம்ம எங்க இருக்கோம்? ஆலங்குளம் தாண்டிட்டோமா? இப்பத்தானா? கண்டக்டர் சார்! கண்டக்டர் சார், நிறுத்துங்க, நான் இறங்கணும்! டிக்கெட் நெல்லை வரைக்கும் இருந்தா இருக்கட்டும், இறங்குறேன்!

ஹலோ, இருக்கீங்களா? கேளுங்க. நல்லாக் கேளுங்க. கதவைக் கழட்டுங்க. ஆமா. நான் காலையில சொன்ன அந்தச் சொல்லை அழிச்சிருங்க. கழட்டுங்க. கீலோட கழட்டுங்க. கதவை என்ன வேணா செய்யுங்க, அடுப்பெரிங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்றேன், என்ன பேசாம இருக்கீங்க? பஸ்ஸே கேக்குது, நீங்க பேச மாட்டீங்களா? என்னைக் கட்டிக்கிடுவீங்களா, மாட்டீங்களா?

என்னது?

அக்கா! பாக்கலாங்கிறார்!

என்கிட்டயே! அந்தச் சொல்லை என்கிட்டயே! அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியுமே. இருங்க... இருங்க, சிரிக்கிறார். நீங்களே காதுல வச்சுக் கேளுங்க, சிரிக்கிறார்ல? கிணத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்ச அதே சிரிப்பு. ஹலோ, டீக்கடை பெஞ்சைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, விழுந்துறாதீங்க. வாரேன். ஒரு காலுக்கு ஒரு செருப்பாப் போட்டுட்டு ஒருத்தி வருவா, அது நான்தான்.

வாரேன்க்கா. வழி விடுங்க சார். ஐயோ, பலாப்பழம் மேல இடிச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க மகளை நான் கேட்டதாச் சொல்லுங்க. கல்யாணம் எங்கயா? ஸ்பெயின் மஹால்லதான்! விருந்துக்கு அல்வா பிரான்ஸ் கடையில. ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வச்சுருவேன், அந்த ராணியால அது முடியலை. தவளைக்கும் ஒரு நல்ல பொண்ணாப் பாக்கணும், பாவம், பச்சைச் சட்டையோட வந்து வந்து போச்சு.

கண்டக்டர் சார், இறங்குறேன், இறங்குறேன், விசில் அடிச்சிறாதீங்க! அக்கா, பாவூர்சத்திரத்துல இறங்கி முக்காடு போட்ட யானை மஹால் எதுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. ஆவணியில தேதி வச்சிருவோம். கட்டாயம் வரணும். வருவீங்களா? வாயைத் தொறக்கும்போதே தெரியுது, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீங்க!